விசா இல்லாப் பயணம்: முப்பது நாளும் மூன்றாவது முத்திரையும்

2023-ஆம் ஆண்டில் மலேசிய அரசு எடுத்த இரண்டு முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் மாதம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களை அது நிறுத்தி வைத்தது. டிசம்பர் 1-ஆம் தேதி முதல், இந்தியர்களும் சீனர்களும் விசா இல்லாமலேயே வந்து 30 நாள் வரை தங்கிப் போகலாம் என்று அனுமதித்தது. தொழிலாளியாக வரும் வாசல் அடைபட்ட ஒன்பதாவது மாதத்தில், விருந்தாளியாக வரும் வாசல் திறந்தது.

இரண்டு முடிவுக்கும் அவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. பெர்மிட் வாங்கி அழைத்து வரப்பட்டு வேலையே இல்லாமல் தெருவில் நின்றவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பின் சுற்றுலா வருமானமும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆனால் இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து நம் ஊர்களில் என்ன செய்திருக்கின்றன என்பதை யாரும் பேசுவதில்லை. நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர், கடையநல்லூர் என எந்த ஊரை எடுத்தாலும், மலேசியா நமக்கு வெறும் வெளிநாடு அல்ல. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றிப்போன காலத்திலிருந்தே அங்கே நமக்கு ஒரு வீடு உண்டு. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா இருக்கிறது. நாசி கண்டார் கடைகளில் பாதிக்குப் பாதி நம் ஊர்ப் பெயர் சொல்லும் முதலாளிகள்தான். அந்தக் கடைகளுக்குத்தான் இப்போது ஆள் இல்லை. மலேசிய முஸ்லிம் உணவக உரிமையாளர்களின் சங்கமான பிரெஸ்மா பல ஆண்டுகளாக இந்தக் குறையை அரசிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சில துறைகளுக்கு அவ்வப்போது தளர்வு வந்தாலும், சாப்பாட்டுக் கடைக்கு ஊரிலிருந்து ஒரு ஆளைப் பெர்மிட்டில் எடுப்பது முன்போல் எளிதாக இல்லை.

அங்கே கடைக்கு ஆள் வேண்டும். இங்கே பிள்ளைக்கு வேலை வேண்டும். நடுவில் திறந்திருப்பது விருந்தாளி வாசல் ஒன்றுதான். மீதியை ஏஜெண்ட் பார்த்துக்கொள்கிறார்.

வழி இதுதான். திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறி கோலாலம்பூரில் இறங்குவது. 28-ஆம் நாளோ 29-ஆம் நாளோ பஸ் பிடித்து வடக்கே புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போவது. அங்கும் விசா தேவையில்லை. ஓரிரு இரவு தங்கிவிட்டுத் திரும்பி வந்து புதிதாக 30 நாள் முத்திரை வாங்குவது. இல்லையென்றால் ஊருக்கே பறந்து வந்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போவது. இதற்கு 'விசா ரன்' என்று பெயர். துபாயில் விசிட் விசாவில் போனவர்கள் விசா மாற்றுவதற்காக ஈரானின் கிஷ் தீவில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த கதையை நம் சபுராளிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே தந்திரம்தான், இடம் மாறியிருக்கிறது.

முதல் முறை எந்தத் தடையும் இருக்காது. இரண்டாவது முறையும் பெரும்பாலும் சிக்கல் வராது. அந்த இரண்டு முறையை வைத்துத்தான், "ஒன்றும் ஆகாது, நான் போய் வந்தேனே" என்று ஊரில் பேச்சு பரவுகிறது. மூன்றாவது முறையில்தான் கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பிக்கிறார்.

அவர் அதில் என்ன பார்க்கிறார்? நான்கு மாதத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 28 நாள், இடையில் ஒரே ஒரு இரவு தாய்லாந்தில். சுற்றுலாப் பயணி அப்படிப் பயணம் செய்வதில்லை. சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவரும் அனுமதியின் கடைசி நாள் வரை கணக்குப் பார்த்துத் தங்கி, மறுநாளே திரும்பி வருவதில்லை. வேலையில் இருப்பவர் ஒருவர்தான் அப்படி வருவார். இது அந்த அதிகாரிக்குத் தெரியாத ரகசியம் அல்ல, அவர் தினமும் பார்ப்பதே இதைத்தான். போதாக்குறைக்கு, 2024 தொடக்கத்திலிருந்து மலேசியா செல்வோர் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அதையே கேட்கிறது. எந்த முகவரியில் தங்குவதாகச் சொன்னோம், எத்தனை முறை சொன்னோம் என்பதெல்லாம் நாமே எழுதிக் கொடுத்த பதிவாக இருக்கிறது. முத்திரை மங்கினாலும் இந்தப் பதிவு மங்காது.

விசா தேவையில்லை என்றால் நுழைய உரிமை உண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பத்தில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. விசா என்பது பயணத்துக்கு முன்பே தூதரகத்தில் நடக்கும் ஒரு பரிசோதனை. அதை எடுத்துவிட்டால் பரிசோதனை ஒழிந்துவிடவில்லை, விமான நிலையக் கவுண்டருக்கு இடம் மாறியிருக்கிறது. முன்பு ஊரில் இருந்தபடியே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விசா கட்டணத்தோடு போயிற்று. இப்போது நிராகரிப்பு கோலாலம்பூரில் நடக்கிறது, டிக்கெட் காசும் சேர்ந்து போகிறது. நுழைவு மறுக்கப்பட்டவரை, அழைத்து வந்த விமான நிறுவனமே திருப்பி ஏற்றிச் செல்ல வேண்டும். அதுவரை விமான நிலையத்தின் ஒரு மூலையில் காத்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரே சோதனையில் நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்தவர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் எல்லைக் கட்டுப்பாட்டுக்கென்று தனி முகமை ஒன்று அங்கே பொறுப்பேற்றிருந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்றும் பார்க்கலாம். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்தது, 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. ஆனால் விசா விலக்கில் தரைவழி எல்லையில் வருவது ஓர் ஆண்டில் இரண்டு முறைதான் என்ற விதி அங்கே பல ஆண்டுகளாக உண்டு. 2025 நவம்பரில், தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் விசா ரன் செய்தவர்களுக்கு நுழைவு மறுக்கப்படும் என்று தாய்லாந்து இமிகிரேஷன் வெளிப்படையாகவே அறிவித்தது. 60 நாளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் அந்த ஆண்டு அங்கே எழுந்தது. ஈரான் இன்னும் தெளிவாக இருந்தது. 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா விலக்கு கொடுத்தபோதே, விமானம் வழியாக மட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 15 நாள், நீட்டிப்பு கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தச் சலுகையும் 2025 நவம்பர் 22-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. வேலை தருவதாகவும் வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லி, விசா தேவையில்லை என்ற ஒன்றையே தூண்டிலாக வைத்து இந்தியர்களை அங்கே வரவழைத்து, பணம் கேட்டுக் கடத்தி வைத்த சம்பவங்கள் நடந்தன என்று நம் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது.

எல்லா நாடும் இப்படி எண்ணைச் சொல்லிவிடுவதில்லை. எண் சொல்லப்படாத இடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்று பொருள் கொள்வது ஆபத்து. அங்கே முடிவு கவுண்டரில் இருப்பவர் கையில் இருக்கிறது என்றுதான் பொருள்.

தாய்லாந்து வழியாக நடந்த இன்னொன்றையும் நம் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். டேட்டா என்ட்ரி வேலை என்று பாங்காக்குக்கு விசா இல்லாமல் பறந்த பிள்ளைகள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டு போகப்பட்டு, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். 2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டு நாட்களில் மட்டும் 549 இந்தியர்களை இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து மீட்டு வந்தன. விசா வேண்டுமென்றால் தூதரகத்தில் யாராவது ஒருவர், "எதற்குப் போகிறாய்?" என்று கேட்டிருப்பார். விசா இல்லாதபோது அந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

இனி, கவுண்டரைத் தாண்டி உள்ளே போய்விட்ட பிள்ளையின் கதைக்கு வருவோம். அவன் கையில் இருப்பது சமூக வருகைக்கான பாஸ். அதில் வேலை செய்வது நிபந்தனை மீறல். மலேசியக் குடிநுழைவு விதி 39(பி)-யின்படி ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நாள் கடந்து தங்கிவிட்டால் குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வருகிறது. அதில் அபராதம் பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாது, சிறை ஐந்தாண்டு வரை போகலாம். வேலை கொடுத்த முதலாளிக்கும் 55பி பிரிவின்படி ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் வரை போகும். ஆகவே, "முதலாளி பார்த்துக்கொள்வார்" என்ற பேச்சில் அர்த்தமில்லை. சோதனை வருகிறது என்றால் அவர் முதலில் தன்னைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தண்டனையைவிட நமக்குக் கவலை தருவது, தண்டனை எதுவும் வராமல் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பது. முறையான பெர்மிட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2019 ஜனவரி முதல் மலேசியாவின் பெர்க்கெசோ விபத்துக் காப்பீடு உண்டு. சமையல்கட்டில் கொதிக்கும் எண்ணெய் கொட்டினாலும், பரோட்டா மாவு பிசையும் மெஷினில் விரல் மாட்டினாலும் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. விருந்தாளியாக வந்தவனுக்கு அது கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே மஞ்சளும் களிம்பும் போட்டு அறையில் படுத்துக் கிடப்பான். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் போய் எப்படிச் சொல்வது? சொன்னால் முதல் கேள்வியே அவனுடைய பாஸைப் பற்றித்தான்.

இந்தியப் பக்கமும் இதே நிலைதான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்படி அனுமதி பெற்று வேலைக்குப் போக வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் தாய்லாந்தும் உண்டு. அந்த அனுமதியோடு போகிறவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு கிடைக்கிறது. இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். சுற்றுலா என்று சொல்லிப் போனால் இதுவும் இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். விசாவே தேவையில்லாத நாட்டுக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம், அந்தப் பணம் எதற்கு என்று நாம் கேட்டோமா? டிக்கெட்டை நாமே போட்டுக்கொள்ளலாம். வருகை அட்டை இலவசம். அவர் விற்பது ஒரு கடையின் முகவரியை மட்டும்தான்.

எல்லைகளே மனிதன் போட்டவைதானே, ஹலாலான உழைப்புக்குப் போகிறவனை யார் தடுப்பது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. உழைப்பு ஹலால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் "சுற்றுலா" என்று நாமே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அந்த வார்த்தைக்கு நாம் பொறுப்பு.

இதில் ஒரு பாவமும் செய்யாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நம் பெண்கள். மலேசியாவில் சாதாரண வேலைப் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. அந்த உரிமை உயர் சம்பளப் பிரிவினருக்குத்தான். ஆகவே பத்து வருடம், பதினைந்து வருடம் என்று கணவர் அங்கே, மனைவி இங்கே என்றே நம் வீடுகள் ஓடின. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவர் வந்தால்தான் பார்ப்பது. விசா விலக்கு வந்த பிறகு, கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளோடு போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வர முடிகிறது. அத்தா வேலை செய்யும் ஊரையும் கடையையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். இந்த அனுமதியால் நம் சமுதாயத்துக்குக் கிடைத்த ஆகப்பெரிய நன்மை இதுதான் என்று நாம் கருதுகிறோம். கவுண்டரில் சந்தேகம் கூடக் கூட, அதன் சூடு முதலில் படுவதும் இந்தக் குடும்பங்கள் மேல்தான். விசா ரன் செய்யும் இளைஞனுக்கும், கணவரைப் பார்க்க ஆண்டில் மூன்று முறை வரும் மனைவிக்கும் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எனவே இப்படிப் போகும் குடும்பங்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள் என்பதே முதல் ஆலோசனை. கணவரின் அறையில் தங்கப் போகிறவர், ஏஜெண்ட் சொன்னார் என்று ஹோட்டல் பெயரை எழுதிவிட்டு, அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்க வேண்டியதில்லை. மனைவி கணவரைப் பார்க்க வருவது குற்றமல்ல. கணவரின் பெர்மிட் நகல், அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும், திரும்பி வரும் டிக்கெட், கையில் செலவுக்குப் பணம் ஆகியவை இருக்கட்டும். திருமணச் சான்று பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலரிடம் ஜமாஅத் தந்த நிக்காஹ் ஏடு மட்டும்தான் இருக்கிறது. அதைத் தமிழ் தெரியாத அதிகாரியிடம் நீட்டினால் பயன் குறைவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழும், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரும் இருந்தால் கவுண்டரில் பேச்சு சுருங்கிவிடும். முத்திரையில் உள்ள கடைசித் தேதியை அங்கேயே பாருங்கள், நாள்காட்டியில் நாமாக முப்பதை எண்ண வேண்டாம். கடைசி நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். விமானம் ரத்தானால் மறுநாள் நீங்கள் சட்டத்தின் பார்வையில் வேறு ஆள். ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஊரில் இருந்த காலம், அங்கே இருந்த காலத்தைவிடத் தெளிவாக நீண்டிருக்கட்டும். குடியிருப்பு இங்கே, விருந்து அங்கே என்பதை அதைவிட எளிதாகக் காட்டும் ஆதாரம் வேறில்லை.

அடிக்கடி போய்வருவோருக்கு வரும் இன்னொரு தொல்லை, திரும்பும்போது "இந்தச் சங்கிலியை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள், ஊரில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார், டிக்கெட் காசு நாங்கள் தருகிறோம்" என்று கேட்பது. குருவி என்று ஒரு பறவையின் பெயரை வைத்துவிட்டதால் அது சின்ன விஷயம்போலத் தெரிகிறது. வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் இந்தியருக்குத்தான். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். முப்பது நாள் போய் வந்தவருக்கு அந்தச் சலுகையே கிடையாது. வரி கட்டாமல் கொண்டுவரும் நகை பறிபோகும், மதிப்பு அதிகமானால் வழக்கும் கைதும் உண்டு. அப்போது மாட்டுவது கழுத்தில் போட்டிருந்தவர்தான், கொடுத்து அனுப்பியவர் அல்ல.

ஜமாஅத்களும் சங்கங்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கடைகளுக்கு ஆள் தேவை என்பது உண்மை, நம் பிள்ளைகளுக்கு வேலை தேவை என்பதும் உண்மை. அப்படியானால் பெர்மிட் வாசலைத் திறக்கும்படி கேட்க வேண்டும். அங்கே உணவக உரிமையாளர்கள் தங்கள் அரசிடம் கேட்கிறார்கள். இங்கே நம் பக்கத்திலிருந்து அயலகத் தமிழர் நலத்துறையிடமும், வெளியுறவு அமைச்சகத்திடமும் அந்தக் கோரிக்கை எழுத்துப்பூர்வமாகப் போக வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது பேச வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று. கடை முதலாளிகளிடமும் நாம் கேட்கலாம். ஊர்ப் பிள்ளை என்று அன்பாக அழைத்து, காப்பீடும் பெர்மிட்டும் இல்லாமல் அடுப்படியில் நிறுத்துவது ஊர்ப் பாசமா?

மலேசியாவின் விசா விலக்கு இப்போதைய அறிவிப்பின்படி 2026 டிசம்பர் 31 வரைதான். அதற்குப் பிறகான நாட்களுக்கு இப்போதே மலிவு விலையில் டிக்கெட் போட்டு வைக்க நினைக்கும் குடும்பங்கள், நீட்டிப்பு அறிவிப்பு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.